ஆசிரியப் பயிற்சியில் தற்சிந்தனை எழுத்து: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

ஆசிரியப் பயிற்சி பெறுவோர் தாம் நடத்திய வகுப்பைத் தாமே மீள நோக்கி எழுதுவதைத் தற்சிந்தனை எழுத்து எனலாம். நடந்ததைக் கூறுவதோடு நில்லாமல், அது ஏன் அவ்வாறு நடந்தது, அடுத்த முறை எதனை மாற்றுவது என வினவுவது இதன் இயல்பு. இவ்வெழுத்து இந்திய ஆசிரியக் கல்வியில் இடம்பெற்ற வரலாற்றையும், தமிழ்வழிப் பயிற்சியில் அது எதிர்கொள்ளும் இடரையும் ஆராய்வதாக இக்கட்டுரை அமைகிறது.

தமிழ் மரபு

பவணந்தி முனிவரின் நன்னூற் பொதுப்பாயிரம் ஆசிரியர் இயல்பு, பாடஞ்சொல்லும் முறை, மாணாக்கர் இயல்பு, பாடங்கேட்கும் முறை ஆகியவற்றை வகுத்துரைக்கிறது. கேட்டதை மீண்டும் எண்ணுதலும் உடன்பயில்வோரொடு கலந்து பேசுதலும் மாணாக்கர் கடமைகளாகின்றன. இடம், காலம், கேட்போர் திறன் அறிந்து ஆசிரியர் பாடஞ்சொல்ல வேண்டும் என்ற நெறியும் அங்குண்டு. எனினும், சொன்ன பாடத்தை ஆசிரியர் தாமே ஆராயும் நெறி தனியே வகுக்கப்படவில்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பாடஞ்சொன்ன முறையை நாம் பெரிதும் அறிவது அவர்தம் மாணாக்கர் உ.வே.சாமிநாதையரின் எழுத்து வழியாகவே. ஆசிரியர் மாணாக்கரின் கண்வழிப் பதிவாவதே நம் வழக்கு எனலாம்.

புதிய நோக்கு

அமெரிக்க அறிஞர் ஜான் டூயி 1910இல் வெளியிட்ட 'நாம் சிந்திக்கும் முறை' என்னும் நூல், ஐயத்தில் தொடங்கிச் சான்றுகளால் முடிவை எட்டும் சிந்தனையைக் கல்வியின் மையமாக்கியது. டொனால்டு ஷோன் 1983இல் இக்கருத்தைத் தொழில் வல்லுநர்களின் நடைமுறைக்கு விரித்தார். இந்தியாவில் கிஜுபாய் பதேகாவின் குஜராத்தி நூலான 'திவாஸ்வப்னா', வகுப்பறைச் சோதனைகளை ஓர் ஆசிரியரே தன்மையிடத்தில் கூறுவதாக அமைந்தது. தமிழில் இரா.நடராசனின் 'ஆயிஷா' ஆசிரியை ஒருவரின் குற்றவுணர்வைப் பேசியது. இவ்விரண்டும் புனைவுகள் என்பது கருதத்தக்கது. ஆசிரியர் தம் குறையை ஒப்புக்கொள்ளப் புனைவே இடந்தந்தது போலும்.

விதிமுறையும் துவாரகாவும்

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 1973இல் ஆலோசனை அமைப்பாகத் தோன்றி, 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1995 ஆகஸ்டு 17 முதல் அதிகாரமுடைய அமைப்பாயிற்று. அது வெளியிட்ட 2009ஆம் ஆண்டுக் கலைத்திட்டச் சட்டகம், தம் பணியைத் தாமே ஆராயும் ஆசிரியரை இலக்காகக் கொண்டது. 2014ஆம் ஆண்டு விதிமுறைகள் கல்வியியல் இளநிலைப் பட்டப் படிப்பை ஈராண்டாக்கி, 20 வாரப் பள்ளிப் பயிற்சியை வலியுறுத்தின. 'பனுவல்களைப் படித்தலும் சிந்தித்தலும்', 'தன்னை அறிதல்' ஆகியன பாடங்களாயின. அந்நாளில் தில்லி பகதூர் ஷா ஜாஃபர் சாலையில் இயங்கிய இக்குழுமம் பின்னர்த் துவாரகாவின் 10ஆம் செக்டாருக்கு இடம்பெயர்ந்தது. தமிழகக் கல்லூரிகளுக்கு ஏற்பளிக்கும் தென்மண்டலக் குழுவும் அங்கேயே உள்ளது.

பதிவேட்டின் இடர்

விதி எழுத்தைக் கட்டாயமாக்கலாம். சிந்தனையைக் கட்டாயமாக்க இயலாது. 'மாணவர் ஆர்வமுடன் கவனித்தனர்; பாட நோக்கங்கள் நிறைவேறின' என்னும் தொடர் எந்த வகுப்பிற்கும் பொருந்தும்; ஆதலின் எவ்வகுப்பையும் காட்டாது. ஆண்டுதோறும் ஒரு பதிவேட்டிலிருந்து மற்றொன்றிற்குப் பெயர்த்தெழுதவும் அது ஏற்றது. மாறாக, வல்லினம் மிகும் இடங்களைக் கற்பித்த ஒருவர் இவ்வாறு எழுதுவதாகக் கொள்வோம்: 'விதியைச் சொன்னேன், ஒப்பித்தனர். புதிய தொடரைத் தந்தபோது பெரும்பாலோர் ஒற்றை விட்டுவிட்டனர். நாளை எடுத்துக்காட்டுகளிலிருந்து தொடங்குவேன்.' இதில் மாணவர் குறிப்பேட்டுச் சான்றும், காரணம் பற்றிய கருதுகோளும், அடுத்த செயலும் உள்ளன. ஆய்வெழுத்தின் அடிப்படைக் கூறுகளும் இவையே.

இரண்டு தடைகள் இவ்வெழுத்தை மறிக்கின்றன. ஒன்று, 'நான்' என்பதை விலக்கி, 'கற்பிக்கப்பட்டது' எனச் செயப்பாட்டுவினையில் எழுதப் பழக்கும் நம் ஆய்வுநடை. வினைமுதல் மறையுமிடத்தில் பொறுப்பும் மறைகிறது. மற்றொன்று மதிப்பீடு. குறையை ஒப்புக்கொண்டால் மதிப்பெண் குறையும் என்று அஞ்சும் பயிற்சியாளர் வெற்றியை மட்டுமே எழுதுவார்.

முடிவுரை

தற்சிந்தனை எழுத்து பாடத்திட்டத்துள் வந்துவிட்டது. எழுதுவோரின் 'நான்' இன்னும் பதிவேட்டிற்குள் முழுமையாக வரவில்லை. இதனைச் சரிசெய்யத் துவாரகாவின் ஆணைக்குக் காத்திருக்க வேண்டுவதில்லை. தன்மையிடத்தில் சான்றோடு எழுதும் உரைநடையைப் பயிற்றுவதும், நேர்மையாகக் கூறப்பட்ட குறைக்கு மதிப்பளிப்பதும் தமிழ் கற்பிப்போர் கையிலேயே உள்ளன.