கொடுத்த கண்ணைக் காத்த வரலாறு

சென்ற ஆண்டு ஐந்தாம் ஆண்டு வகுப்பில் கண்ணப்ப நாயனார் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். காளத்தி மலையில் இறைவன் திருவுருவின் கண்ணிலே குருதி வழிய, வேடர் குலத்துத் திண்ணனார் தம் கண்ணை அம்பால் அகழ்ந்து அப்பிய கட்டம் வந்தது. வகுப்பே அமைதியாக இருந்தது. பின் வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "சார், கண்ணப்பரு கண்ணை எடுத்த ஒடனே வெச்சிட்டாரு. மறுநாளு வெச்சிருந்தா சாமிக்குப் பார்வை தெரிஞ்சிருக்குமா?" என்று கேட்டான்.

பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் உலகத்து மருத்துவர்கள் நூறாண்டுக்கு மேல் பாடுபட்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டிலும் ஒரு முறை அதே கேள்வி வந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அன்பார்ந்த பெற்றோர்களே, மாணவச் செல்வங்களே! முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கண் தானம் என்றால் முழுக் கண்ணையும் எடுத்து இன்னொருவருக்குப் பொருத்துவது அல்ல. கருவிழிக்கு முன்னால், கைக்கடிகாரத்தின் முகத்தில் உள்ள கண்ணாடி போல, தெளிந்த படலம் ஒன்று இருக்கிறது. அதற்குக் கார்னியா என்று பெயர். கனம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். அகலம் 11 அல்லது 12 மில்லிமீட்டர். அவ்வளவுதான். பால் உறைய வைக்கும் திராவகம் தெறித்தாலும், சுண்ணாம்பு பட்டாலும், செம்பனை மட்டை வெட்டும்போது தும்பு விழுந்து புண்ணானாலும் இந்தக் கண்ணாடி வெளுத்து மங்கிவிடும். 'கண்ணுல பூ விழுந்திடுச்சி' என்று நம் தோட்டத்துப் பெரியவர்கள் சொல்வார்களே, அதுதான். உள்ளே கண் நன்றாக இருக்கும். வெளிச்சம் நுழைய வழி இருக்காது. மங்கிய பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, இறந்தவர் ஒருவர் கொடுத்த தெளிந்த படலத்தை அந்த இடத்தில் தைப்பதே சிகிச்சை.

இதை முதன் முதலில் வெற்றியாகச் செய்து காட்டியவர் எட்வர்டு சிர்ம் என்னும் மருத்துவர். இடம் ஓல்மூட்ஸ் நகரம். இன்று அது செக் நாட்டில் இருக்கிறது. நாள் 1905 டிசம்பர் 7. பார்வை பெற்றவர் யார் தெரியுமா? அரசரும் அல்லர், செல்வரும் அல்லர். சுண்ணாம்பினால் இரு கண்ணும் வெந்துபோன ஒரு கூலித் தொழிலாளி. அவருக்குப் படலம் கிடைத்தது 11 வயதுச் சிறுவன் ஒருவனிடமிருந்து. இரும்புத் துண்டு பாய்ந்து கெட்டுப்போன அவன் கண்ணை எடுத்தே ஆகவேண்டிய நிலைமை. எடுத்த கண்ணின் முன்படலம் மட்டும் நன்றாக இருந்தது. அதை உடனே பொருத்தினார்கள். கண்ணப்பர் செய்தது போலத்தான். காத்து வைப்பது என்ற பேச்சே அன்று இல்லை. ஒருவர் கண்ணை இழக்கும் வேளையில் இன்னொருவர் பக்கத்தில் காத்திருந்தால்தான் உண்டு. எத்தனை பேருக்கு அப்படி வாய்க்கும்?

இந்தக் கட்டை அவிழ்த்தவர் ஒடெசா நகரத்து விளாதிமிர் ஃபிலாத்தோவ். இறந்தவரின் கண்ணும் உதவும் என்று 1931 முதல் அவர் செய்து காட்டினார். எடுத்த கண்ணை 2 முதல் 4 டிகிரிக் குளிரில் வைத்தால் கெடாமல் இருக்கும் என்பதையும் அவர் கண்டார். இதுதான் பெரிய திருப்பம். உயிரோடு இருப்பவர் எவரும் கண்ணை இழக்கத் தேவையில்லாமல் போயிற்று.

பிறகு கண் வங்கிகள் பிறந்தன. நியூயார்க்கில் டவுன்லி பேட்டன் 1944-இல் முதல் வங்கியை அமைத்தார். அடுத்த ஆண்டே, 1945-இல், நம் முன்னோர் கப்பலேறிய சென்னைப் பட்டினத்தில், எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் டாக்டர் ஆர். இ. எஸ். முத்தையா இந்தியாவின் முதல் கண் வங்கியைத் தொடங்கினார். அந்த மருத்துவமனை 1819-இல் ஏற்பட்டது. உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று அது என்பது தமிழர்களாகிய நமக்குப் பெருமை.

அந்தக் காலத்து வங்கியில் இருந்த சாதனம் மிக எளிது. ஒரு கண்ணாடிப் புட்டி, அடியில் உப்பு நீரில் நனைத்த பஞ்சு, அதன்மேல் முழுக் கண். மூடியைப் போட்டு 4 டிகிரிக் குளிரில் வைப்பார்கள். ஈர அறை முறை என்று இதற்குப் பெயர். ஒரு நாள் தாங்கும். மிஞ்சினால் இரண்டு நாள்.

அந்த இரண்டு நாளை நம்பியே கடல் கடந்து கண் அனுப்பியவர் இலங்கையின் டாக்டர் ஹட்சன் சில்வா. அதுவரை அங்கே பெரும்பாலும் தூக்குத் தண்டனை பெற்ற கைதிகளின் கண்களே கிடைத்து வந்தன. 1958-இல் அவர் பத்திரிகையில் எழுதிப் பொதுமக்களிடம் கேட்டார். மக்கள் கொடுக்க முன்வந்தார்கள். தம் தாயார் மறைந்தபோது அவருடைய கண்களையும் கொடுத்தார். ஏழை விவசாயி ஒருவருக்கு அதனால் பார்வை வந்தது. 1961-இல் இலங்கை கண் தான சங்கம் தொடங்கிற்று. ஆரம்பத்தில் கண்களை வைத்தது தம் வீட்டுக் குளிர்பெட்டியில்தான். 1964-இல் முதன் முறையாக வெளிநாட்டுக்கு, நம் பக்கத்துச் சிங்கப்பூருக்கு, கண்கள் வந்தன. எதில் வைத்துக் கொண்டுவந்தார்கள்? பனிக்கட்டி போட்ட தேநீர்ப் பிளாஸ்கில்! நம் அப்பா அம்மா விடியற்காலையில் மரம் வெட்டப் போகும்போது தோளில் மாட்டிப் போனார்களே, அதே வகைப் பிளாஸ்க்தான். பின்னாளில் அந்தச் சங்கத்தின் தானம் நம் மலேசியாவுக்கும் வந்தது.

வெறும் குளிர் மட்டும் ஏன் போதவில்லை? படலத்தின் உட்புறத்தில் ஒற்றை வரிசையாக உயிரணுக்கள் பரவியிருக்கின்றன. பெரியவர்களுக்கு ஒரு சதுர மில்லிமீட்டரில் ஏறக்குறைய 2,500 இருக்கும். படலத்தில் ஊறும் தண்ணீரை இவை இடைவிடாமல் வெளியே இறைத்துக்கொண்டிருக்கின்றன. இறைப்பது நின்றால் படலம் ஊதி மங்கிவிடும். செத்த அணுவுக்குப் பதிலாகப் புது அணு முளைப்பதும் இல்லை. ஆகவே கண்ணைக் காப்பது என்றால் இந்த அணுக்களை உயிரோடு வைத்திருப்பது என்று பொருள்.

பால் வெட்டியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கோப்பையில் வடிந்த பாலை அப்படியே விட்டால் ஸ்டோருக்குப் போவதற்குள் கட்டியாகிவிடும். அதனால் அமோனியா சொட்டு விடுவோம். கொஞ்ச நேரம் கிடைக்கும். மருத்துவர்களும் அப்படி ஒரு திரவத்தைத் தேடினார்கள். 1974-இல் அமெரிக்காவில் மெக்கேரி, காஃப்மன் என்னும் இருவர் அதைக் கண்டுபிடித்தார்கள். முழுக் கண்ணை வைக்காமல், படலத்தை மட்டும் ஓரத்தோடு வெட்டி எடுத்து, அணுக்களுக்கு ஊட்டம் தரும் திரவத்தில் மிதக்க விட்டார்கள். படலம் ஊதாமல் இருக்க டெக்ஸ்ட்ரான் என்ற பொருளையும் கிருமியைக் கொல்லும் மருந்தையும் சேர்த்தார்கள். நாள் நான்காக உயர்ந்தது. 1990-களில் வந்த ஆப்டிசால் என்ற திரவம் அதை 14 நாள் வரை நீட்டியது. இளஞ்சிவப்பு நிறத்தில் சர்பத் போல இருக்கும். கிருமி புகுந்து புளித்தால் மஞ்சளாக மாறிக் காட்டிக்கொடுத்துவிடும்.

வேறொரு வழியும் உண்டு. 1970-களில் அமெரிக்காவின் மினசோட்டாவில் தொடங்கி ஐரோப்பாவில் பரவிய முறை அது. குளிரில் வைக்காமல், 31 முதல் 37 டிகிரி வரை உடம்புச் சூட்டிலேயே வளர்ப்புத் திரவத்தில் வைப்பார்கள். ஏறக்குறைய 4 வாரம் காக்கலாம். கிளிசரினில் போட்டு நீரை உறிஞ்சிவிட்டால் மாதக்கணக்கிலும் வைக்கலாம். ஆனால் அணுக்கள் இறந்துவிடும். பார்வை தர அது ஆகாது. கண் ஓட்டையாகி உடையப் போகும் அவசரத்தில் அடைத்துக் காக்க உதவும்.

நம் நாட்டிலும் வழி திறந்தது. கண்ணைப் பொருத்துவது ஆகும் என்று தேசிய ஃபத்வா மன்றம் 1970-இல் முடிவு சொன்னது. 1974-இல் மனிதத் திசுச் சட்டம் வந்தது. உயிரோடிருக்கும்போது எழுத்தில் கொடுத்தாலும் சரி, கடைசி நோயில் இரண்டு சாட்சிகள் முன் வாயால் சொன்னாலும் சரி, அது செல்லும் என்கிறது சட்டம். சட்டம் இருந்தும் உள்ளூரில் கொடுப்பவர் குறைவு. நீண்ட காலமாக வெளிநாட்டுப் படலங்களையே பெரிதும் நம்பி வந்திருக்கிறோம்.

இனி எங்கள் வீட்டுக் கதை. ஜாசின் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் என் அப்பா பால் வெட்டினார். இளவயதில் திராவகம் தெறித்து அவருக்கு வலக் கண் போய்விட்டது. நான் பயிற்சிக் கல்லூரியில் இருந்தபோது ஒருநாள் மாலை பாட்டி இறந்துவிட்டார். அப்பா மெதுவாக, "அம்மா கண்ணை யாருக்காச்சும் குடுத்திடலாமே" என்றார். வீடு இரண்டுபட்டது. "கண்ணில்லாம அனுப்புனா மேல போற வழி எப்படித் தெரியும்?" என்றார் பெரியப்பா. "அடுத்த பிறவியில குருடா பொறக்கணுமா?" என்றார் அத்தை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பாட்டிமேல் வைத்த பாசம்தான் அப்படிப் பேசியது. இரவெல்லாம் பேச்சு. விடிந்தபின், "அவங்க இருந்தா குடுக்கத்தான் சொல்லியிருப்பாங்க" என்று பெரியப்பாவே ஒப்புக்கொண்டார். மறுநாள் பதினொரு மணிக்கு மருத்துவமனைக்குப் போன் செய்தோம். நேரம் கடந்துவிட்டது என்று பணிவாகச் சொன்னார்கள். அப்பா போனை வைத்துவிட்டு, "பாலு ஒறைஞ்சி போச்சிய்யா" என்றார். வேறொன்றும் பேசவில்லை.

உலகத்து மருத்துவர்கள் நூறாண்டு பாடுபட்டு ஒரு நாளைப் பதினான்கு நாளாக்கினார்கள், நான்கு வாரமாக்கினார்கள். ஆனால் அந்தக் கணக்கெல்லாம் கண்ணை எடுத்த பிறகுதான் ஆரம்பம். இறந்ததிலிருந்து ஏறக்குறைய 6 மணி நேரத்துக்குள் எடுத்தால்தான் நல்லது. அந்த 6 மணி நேரத்தை நீட்ட எந்தப் புட்டியும் இல்லை. அது நம் வீட்டு நடுக்கூடத்தில், நம் பெரியவர்கள் கையில் இருக்கிறது.

ஆகவே பேச வேண்டியதை முன்னமே பேசி வைப்போம். 18 வயது நிறைந்தவர்கள் அரசு மருத்துவமனையிலோ மைசெஜாத்ரா செயலியிலோ பதிந்து, வீட்டாரிடமும் சொல்லி வைக்கலாம். துக்கம் நேர்ந்தால் உடனே மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். இறந்தவரின் இமைகளை மூடி, அதன்மேல் ஈரப் பஞ்சு வையுங்கள். ஃபேனை நிறுத்துங்கள். தலையைத் தலையணையில் சற்று உயர்த்துங்கள். எடுப்பதற்கு அரை மணி நேரம்கூட ஆகாது. முகம் கெடாது, சடங்கும் நிற்காது.

என் மாணவனுக்கு இதுதான் விடை. மறுநாள் வைத்தாலும் பார்வை தெரியும், தம்பி. பத்து நாள் கழித்து, கடல் தாண்டிப்போய் வைத்தாலும் தெரியும். கண்ணப்பரிடம் ஒரு பிளாஸ்க்கூட இல்லை; அவரிடம் இருந்தது தாமதிக்காத மனம். அது இருந்தால் மற்றதை மருத்துவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.