கடுக்கனும் தோலும்

ஆம்பூரில் ஷூ கம்பெனிக்குப் போகும் பெண்கள், பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாதத்தில் கம்மலைக் கழற்றி அடகுக்கடைக்கு எடுத்துப் போகிறார்கள். கடைக்காரர் கல்லுக்குக் கழித்துவிட்டுத் தங்கத்தை மட்டும் எடை போடுகிறார். வித்துத் தொலைச்சா வட்டியாவது மிச்சமாகுமே என்று கேட்டால், "அம்மா போட்டதுங்க" என்பார்கள். அந்த 'அம்மா'வுக்குத் தராசில் எடை கிடையாது. ஆனால் மாசாமாசம் கட்டுகிற வட்டியில் அவளுக்கும் ஒரு விலை இருக்கிறது.

பண மதிப்பு சந்தைக்குரியது, உணர்வு மதிப்பு புனிதமானது என்று பிரித்துப் பேசுவது நம் வழக்கம். இந்தப் பிரிவினை எவ்வளவு தூரம் தாங்கும் என்பதை இதே வட்டாரத்து வரலாற்றில் வைத்துப் பார்க்கலாம்.

1806 மார்ச்சில் சென்னைப் படைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி புது விதிகள் போட்டது. சீருடையில் இருக்கும் சிப்பாய் நெற்றியில் சாதிக்குறி இடக்கூடாது, கடுக்கன் போடக்கூடாது, தாடி கூடாது. புதுத் தலைப்பாகையில் தோலாலான இலச்சினை வேறு. கடுக்கனைக் கம்பெனி பிடுங்கிக்கொள்ளவில்லை. கழற்றி வை என்றது, அவ்வளவுதான். காசுக் கணக்கில் சல்லி நஷ்டமில்லை. இந்தக் கணக்குதான் பொய்த்தது. தாய்மாமன் மடியில் உட்கார்ந்து காது குத்திப் போட்டுக்கொண்டது வெறும் தங்கமல்ல. தலைப்பாகையை மறுத்தவர்களில் ஒரு முஸ்லிமுக்கும் ஒரு இந்துவுக்கும் ஆளுக்கு 900 கசையடி. ஜூலை 10 விடியுமுன் வேலூர்க் கோட்டை வெடித்தது. கோட்டைக்குள் திப்புவின் பிள்ளைகள் இருந்தது உள்ளிட்ட வேறு காரணங்களும் உண்டு. நூற்றுக்கும் மேற்பட்ட வெள்ளையர் மாண்டனர். ஆற்காட்டிலிருந்து வந்த கில்லெஸ்பியின் படை நூற்றுக்கணக்கான சிப்பாய்களைக் கொன்றது. பிறகு விதிகள் கைவிடப்பட்டன. ஆளுநர் பெண்டிங்கும் தளபதி கிராடக்கும் திருப்பி அழைக்கப்பட்டனர்.

காசுக்கு எதிராக உணர்வு பெற்ற வெற்றி என்று இதை முடித்துவிடலாம். தேசிய வரலாறு அப்படித்தான் செய்கிறது. ஆனால் கடுக்கனை உயர்த்திய மதிப்பீடுதானே தோலைத் தாழ்த்தியதும்? மாட்டுத் தோலோ பன்றித் தோலோ என்ற அச்சம் இரு மதத்தாருக்கும் இருந்தது. எந்தத் தோலானாலும் தீட்டு என்பதோ சாதியின் கணக்கு. சென்னைப் படையில் பறையர் சிப்பாய்களும் இருந்தார்கள். செத்த மாட்டை இழுக்கும் வேலையைச் சாதி எவர் தலையில் கட்டியதோ, அவர்களுக்கும் அந்த இலச்சினை அதே அருவருப்பைத்தான் தந்திருக்குமா? 'சிப்பாயின் மனம் புண்பட்டது' என்னும்போது எந்தச் சிப்பாயின் மனம் என்று நாம் கேட்பதில்லை.

பின்னாளில் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை எல்லாம் தோலால் பிழைக்கும் ஊர்களாயின. 1806இல் தலையில் ஏற மறுத்த பொருள் இன்று அந்நியச் செலாவணி. சந்தை தோலின் தீட்டைக் கழுவிப் பளபளக்கும் ஷூவாக்கிக் கப்பலேற்றுகிறது. தொட்டியில் இறங்கித் தோலைப் புரட்டுகிற கையின் மேல் ஊர் சுமத்திய தீட்டை மட்டும் அப்படியே விட்டுவைக்கிறது.

ஆகவே பணத்துக்கு எதிராக உணர்வைத் தூக்கிப் பிடிக்கிறவர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். அடகுக்கடைத் தராசு அம்மாவைக் கழித்துவிட்டு எடை போடுகிறது என்பது உண்மைதான். ஊரின் உணர்வு என்ற தராசு எத்தனை பேரைக் கழித்துவிட்டு எடை போட்டது?