போருக்குப் பிந்திய நகரமும் ஒரு கலைவிழாவும்: பெல்பாஸ்டின் ‘அவுட்பர்ஸ்ட்’

“முதலில் இனப்பிரச்சினைக்கு ஒரு தீர்வு வரட்டும். மற்றதெல்லாம் பிறகு பார்க்கலாம்.”

இந்த வாசகத்தை எங்கள் பக்கத்தில் பெண்கள் கேட்டிருக்கிறார்கள். சாதியால் ஒடுக்கப்பட்டவர்கள் கேட்டிருக்கிறார்கள். தன்பாலீர்ப்பினரும் திருநர்களும் இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். போரில் பிள்ளையைத் தொலைத்த ஒரு தாய் இதைச் சொல்லும்போது எதிர்த்துப் பேச எனக்கு வாய் வருவதில்லை. அவருடைய வலி உண்மையானது. ஆனால், அந்தப் “பிறகு” எப்போது வரும் என்ற கேள்வியும் உண்மையானதுதான்.

இதே கேள்வியோடு முப்பது வருடப் போரைக் கடந்த இன்னொரு நகரம் இருக்கிறது. வட அயர்லாந்தின் தலைநகரான பெல்பாஸ்ட். அங்கே 2007ஆம் ஆண்டிலிருந்து நவம்பர் மாதங்களில் ‘அவுட்பர்ஸ்ட்’ என்ற பெயரில் ஒரு கலைவிழா நடந்து வருகிறது. பால்புதுமையினரின் எழுத்து, நாடகம், நடனம், திரைப்படம், ஓவியம், உரையாடல் என எல்லாம் அதில் உண்டு. ரூத் மக்கார்த்தி நீண்டகாலம் அதன் கலை இயக்குநராக இருந்தவர். இன்று அது பெல்பாஸ்டின் முக்கியமான கலை நிகழ்வுகளில் ஒன்று. அந்த இடத்துக்கு அது எப்படி வந்தது என்பதை அறிய, விழாவுக்கு முந்திய முப்பது வருடங்களுக்குப் போகவேண்டும்.

இரும்புக் கதவுகளுக்குள் ஒரு நகரம்

1960களின் இறுதியில் தொடங்கி, 1998 ஏப்ரல் 10 இல் பெரிய வெள்ளி ஒப்பந்தம் கையெழுத்தாகும்வரை வட அயர்லாந்தில் ஏறத்தாழ 3,500 பேர் கொல்லப்பட்டார்கள். ஐக்கிய அயர்லாந்தைக் கேட்ட கத்தோலிக்கத் தேசியவாதிகள் ஒரு பக்கம். பிரித்தானியாவோடு இருக்க விரும்பிய புரட்டஸ்தாந்து ஒன்றியவாதிகள் மறுபக்கம். நடுவில் பிரித்தானிய இராணுவமும் பொலிஸும். இரு பக்கமும் ஆயுதக்குழுக்கள். தெருவைச் சொன்னால் ஆளின் மதம் தெரிந்துவிடும். பெயரைச் சொன்னாலும் தெரிந்துவிடும்.

1970களில் குண்டுவெடிப்புகளுக்கு அஞ்சி பெல்பாஸ்டின் நகர மையத்தைச் சுற்றி இரும்புக் கதவுகள் போடப்பட்டன. உள்ளே போகிறவர்கள் சோதிக்கப்பட்டார்கள். மாலையானால் மையம் வெறிச்சோடிப்போகும். சோதனைச்சாவடிகளோடு வளர்ந்த எங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வெறிச்சோடிய அந்த மையத்தில் இரவிலும் ஆள்நடமாட்டம் இருந்த மிகச்சில இடங்களில் தன்பாலீர்ப்பினர் கூடிய நடனக்கூடங்களும் அடங்கும். கத்தோலிக்கரும் புரட்டஸ்தாந்தினரும் ஒரே தளத்தில் சேர்ந்து ஆடிய அபூர்வமான இடங்கள் அவை என்று அந்தக் காலத்தைக் கண்டவர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். அங்கே யாரும் யாரிடமும் எந்தத் தெரு என்று கேட்கவில்லை. வெளியே எல்லோருக்கும் ஒரே பயம்தான் இருந்தது.

ஓரங்களில் குறிப்பெழுதப்பட்ட நாட்குறிப்பு

அந்தப் பயத்துக்குச் சட்டமே காரணம். ஆண்களுக்கிடையிலான பாலுறவைக் குற்றமாக்கிய 1861, 1885 ஆம் ஆண்டுகளின் பிரித்தானியச் சட்டங்கள் வட அயர்லாந்தில் நடைமுறையில் இருந்தன. இங்கிலாந்தும் வேல்ஸும் 1967 இலேயே அவற்றைத் தளர்த்திவிட்டன. வட அயர்லாந்துக்கு அந்த மாற்றம் வரவில்லை.

1976 ஜனவரியில் ஜெப்ரி டட்ஜன் என்ற கப்பல் நிறுவன எழுதுநரின் வீட்டுக்குப் போதைப்பொருள் தேடி பொலிஸ் வந்தது. அவருடைய கடிதங்களையும் நாட்குறிப்பையும் எடுத்துக்கொண்டு போனது. பொலிஸ் நிலையத்தில் நாலரை மணிநேரம் அவருடைய பாலியல் வாழ்க்கையைப் பற்றி விசாரித்தார்கள். ஒரு வருடத்துக்குப் பிறகு வழக்குத் தொடரப்போவதில்லை என்று அறிவித்து ஆவணங்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். அவற்றின் மேல் யாரோ குறிப்புகள் எழுதியிருந்தார்கள். இந்த விபரம் நீதிமன்றத் தீர்ப்பிலேயே இருக்கிறது. ஒருவர் தனக்காக மட்டும் எழுதியதை அரசாங்கம் வாசித்து, அதன்மேல் எழுதியும் வைத்தது.

டட்ஜன் 1975 இல் உருவான வட அயர்லாந்து தன்பாலீர்ப்பினர் உரிமைச் சங்கத்தின் துணையோடு ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்துக்குப் போனார். இதற்கு எதிராக 1977 இல் ஒன்றியவாதத் தலைவர் இயன் பெய்ஸ்லி பெரிய பிரசாரம் ஒன்றை ஆரம்பித்து ஏறத்தாழ 70,000 கையெழுத்துகளைத் திரட்டினார். கத்தோலிக்கத் திருச்சபையும் சட்டமாற்றத்துக்கு ஆதரவாக இருக்கவில்லை. வேறெதிலும் ஒத்துப்போகாத இரு தரப்பும் இந்த ஒரு விடயத்தில் ஒத்துப்போயின.

1981 ஒக்டோபர் 22 இல் நீதிமன்றம் 15க்கு 4 என்ற பெரும்பான்மையோடு டட்ஜனுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 1982 இல் வட அயர்லாந்தின் சட்டம் மாறியது. அந்தத் தீர்ப்பை முன்மாதிரியாகக் கொண்டு 1988 இல் அயர்லாந்துக் குடியரசுக்கு எதிரான வழக்கிலும் தீர்ப்பு வந்தது. 2003 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அதை மேற்கோள் காட்டியது. ஆளுக்காள் குண்டு வைத்துக்கொண்டிருந்த ஒரு நகரத்து எழுதுநரின் வழக்கு அது. போர் முடியட்டும் என்று அவர் காத்திருந்தால் இன்னும் 16 வருடங்கள் காத்திருக்க வேண்டியிருந்திருக்கும்.

விழா என்ன செய்கிறது

சட்டம் மாறியதும் ஊர் மாறிவிடவில்லை. பெல்பாஸ்டின் முதலாவது பெருமித ஊர்வலம் 1991 இல்தான் நடந்தது. சமாதான ஒப்பந்தத்தின் பின்னரும் சமூகங்களைப் பிரிக்கும் ‘சமாதானச் சுவர்கள்’ நின்றன. இப்போதும் நிற்கின்றன. கலைக்கும் இரண்டு வேலிகள் இருந்தன. சுவரோவியங்களும் பதாகைகளும் ஒன்றில் இந்தப் பக்கத்து மாவீரர்களுக்கு, அல்லது அந்தப் பக்கத்து மாவீரர்களுக்கு. இந்த இரண்டு கதைகளுக்குள்ளும் அடங்காதவர்களுக்கு ஒரு மேடையை 2007 இல் அவுட்பர்ஸ்ட் உண்டாக்கியது.

2015 விழாவில் ஸ்டேசி கிரெக் எழுதிய ‘ஸ்கோர்ச்’ என்ற தனிநபர் நாடகம் முதன்முதலாக மேடையேறியது. தன் பாலினத்தைத் தேடிக்கொண்டிருக்கும் ஒரு பதின்வயதுப் பிள்ளை, காதலித்ததற்காக நீதிமன்றத்தில் நிறுத்தப்படுகிற கதை. பாலினத்தை மறைத்து ஏமாற்றியதாகப் பிரித்தானியாவில் நடந்த உண்மையான வழக்குகளிலிருந்து உருவான நாடகம் அது.

2019 விழாவில் கொனர் மிட்செலின் ‘அபோமினேஷன்’ என்ற இசைநாடகம் லிரிக் அரங்கில் மேடையேறியது. ‘அருவருப்பு’ என்பது அந்தத் தலைப்பின் பொருள். 2008 இல் ஒன்றியவாத நாடாளுமன்ற உறுப்பினர் ஐரிஸ் ரொபின்சன் வானொலி நேர்காணல் ஒன்றில் தன்பாலீர்ப்பைப் பற்றிச் சொன்ன சொல் அது. அந்த நேர்காணலும் அவருடைய கட்சி அரசியல்வாதிகள் வெளிப்படையாகப் பேசியவையும்தான் இசைநாடகத்தின் வசனங்கள். மிட்செல் புதிதாகத் திட்டி எதையும் எழுதவில்லை. அவர்கள் சொன்னதை அப்படியே பாடவைத்தார். பல வருடங்களாக அந்தச் சொல்லை வாங்கிச் சுமந்தவர்கள், அது ஒரு மேடையில் இசையோடு திரும்பிவருவதை இருந்து கேட்டார்கள்.

ஓவியத்திலும் இது நடந்தது. 2021 இல் பிரித்தானியாவின் டேர்னர் பரிசை பெல்பாஸ்டின் ‘அரே’ கலைஞர் குழு வென்றது. வட அயர்லாந்துக்கு அந்தப் பரிசு கிடைத்தது அதுவே முதல் தடவை. 11 பேர் கொண்ட அந்தக் குழுவினர் பெருமித ஊர்வலங்களுக்கும் கருக்கலைப்பு உரிமை ஆர்ப்பாட்டங்களுக்கும் பதாகை செய்துவந்தவர்கள். பரிசுக் கண்காட்சிக்காக, அனுமதிப்பத்திரம் இல்லாத ஒரு கற்பனைத் தவறணையைக் கட்டி, அதற்குப் பதாகைகளால் கூரை போட்டார்கள். எந்த மதத்தவரும் எந்தப் பாலினத்தவரும் வந்து குந்தியிருந்து கதைக்கக்கூடிய ஓர் இடம். பதாகை என்றாலே எந்தப் பக்கம் என்று கேட்கும் நாட்டில் இது சின்ன விடயம் அல்ல.

சமாதான ஒப்பந்தமும் கைகொடுக்காதபோது

அதிகாரப்பகிர்வைப் பற்றிப் பேசும் நாங்கள் கவனிக்கவேண்டிய ஒன்று இந்தக் கதையில் இருக்கிறது. பெரிய வெள்ளி ஒப்பந்தத்தில் ‘கரிசனை மனு’ என்றொரு ஏற்பாடு உண்டு. ஒரு சமூகம் இன்னொரு சமூகத்தை எண்ணிக்கையால் அமுக்கிவிடாதிருக்க, சட்டமன்றத்தில் அப்போது இருந்த 108 உறுப்பினர்களில் 30 பேர் கையெழுத்திட்டால் வெறும் பெரும்பான்மை போதாதிருந்தது. இரு சமூகப் பிரதிநிதிகளினதும் போதிய ஆதரவு வேண்டியிருந்தது. சிறுபான்மையைக் காக்க எழுதப்பட்ட நல்ல ஏற்பாடு.

2015 நவம்பரில் ஒருபாலினத் திருமணத்துக்கு ஆதரவான தீர்மானம் 53க்கு 52 என்று முதன்முறையாக வென்றது. ஜனநாயக ஒன்றியவாதக் கட்சி கரிசனை மனுவைப் பயன்படுத்தி அதைத் தோற்கடித்தது. ஒரு சிறுபான்மைக்கான கேடயம் இன்னொரு சிறுபான்மையின் கழுத்துக்கு வந்தது. பிறகு சட்டமன்றமே மூன்று வருடங்கள் முடங்கிக் கிடக்க, 2019 இல் லண்டன் நாடாளுமன்றம் சட்டமியற்றியது. 2020 ஜனவரி 13 இலிருந்து அந்தத் திருமணங்கள் செல்லுபடியாகின.

தீர்வு வந்தால் எல்லாம் தானாக வரும் என்று நம்புகிறவர்களுக்கு இது ஓர் எச்சரிக்கை. எந்தத் தீர்வும் அதை எழுதும்போது மேசையில் இருந்தவர்களைத்தான் முதலில் காக்கிறது.

போர்நிறுத்தப் பிள்ளைகள்

லைரா மக்கீயைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. 1990 இல் பெல்பாஸ்டில் பிறந்த பத்திரிகையாளர், தன்பாலீர்ப்புள்ள பெண். பதினான்கு வயதில் தன்னை வெறுத்து வாழ்ந்த தனக்கே எழுதுவதுபோல் அவர் எழுதிய கடிதம் பரவலாக வாசிக்கப்பட்டது. போரில் இறந்தவர்களைவிட ஒப்பந்தத்துக்குப் பின்னர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவர்கள் அதிகம் என்று 2016 இல் எழுதியவரும் அவர்தான். போர்நிறுத்தத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்குச் சமாதானத்தின் பலன் ஏன் போய்ச் சேரவில்லை என்பதே அவருடைய கேள்வி.

2019 ஏப்ரல் 18 இரவு டெரி நகரில் கலவரமொன்றைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, ஆயுதக்குழு ஒன்றின் துப்பாக்கிச்சூட்டில் அவர் கொல்லப்பட்டார். வயது 29. பெல்பாஸ்டின் புனித அன்னா பேராலயத்தில் நடந்த இறுதிச்சடங்கில், எதிரெதிர்க் கட்சித் தலைவர்களை ஓரிடத்தில் இருக்கவைக்க ஒரு பெண்ணின் மரணம் தேவைப்பட்டதா என்று கத்தோலிக்கக் குருவானவர் ஒருவர் கேட்டார். கூட்டம் எழுந்துநின்று கைதட்டியது.

எங்களிடம்

டட்ஜனைத் துரத்திய அதே காலனியச் சட்டமரபு 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை வழியாக எங்களிடமும் வந்தது. 365, 365அ பிரிவுகள் அவை. 1995 திருத்தத்தில் ‘ஆண்’ என்ற சொல் நீக்கப்பட்டு, பெண்களும் அதற்குள் கொண்டுவரப்பட்டார்கள். 2022 இல், பெண்களுக்கு எதிரான பாரபட்சங்களை ஒழிப்பதற்கான ஐக்கிய நாடுகள் குழு இது உரிமை மீறல் என்று கூறியது. 2023 மே மாதம், இந்தக் குற்றத்தை நீக்கும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. அந்த நாடாளுமன்றம் 2024 இல் கலைக்கப்படும்வரை சட்டமூலம் நிறைவேறவில்லை. இதற்கிடையில் 2022 ஜூனில் யாழ்ப்பாணத்தில் முதலாவது பெருமித ஊர்வலம் நடந்தது. நடந்தவர்கள் சட்டம் மாறட்டும் என்று காத்திருக்கவில்லை.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் ஊரில் ஸ்திரீபார்ட் போடும் அண்ணா ஒருவர் இருந்தார். கோயில் திருவிழா இரவில் அவர் சந்திரமதியாக அழுதால் ஊரே சேர்ந்து அழும். விடிந்ததும் அதே ஊர்ப் பெடியள் அவருடைய நடையைப் பழித்துக்கொண்டு பின்னால் போவார்கள். நானும் ஒருநாள் போயிருக்கிறேன். அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார், ஒன்றும் சொல்லவில்லை. இடப்பெயர்வோடு அவர் எங்கே போனார் என்று யாருக்கும் தெரியாது. போரில் காணாமற்போனவர்களைப் பற்றிக் கதைக்கும்போது அவருடைய பெயர் ஊரில் யாருடைய வாயிலும் வருவதில்லை.

அவுட்பர்ஸ்ட் போன்ற விழாவொன்றின் பெறுமதி எனக்கு இங்கேதான் விளங்குகிறது. அவருக்கு மேடை ஏற்கெனவே இருந்தது. மேடையிலிருந்து இறங்கிய பிறகு, தன் சொந்தக் கதையைத் தன் சொந்தப் பெயரில் சொல்ல ஓர் இடம் இருக்கவில்லை. அதற்குப் பெரிய அரங்கமோ வெளிநாட்டு நிதியோ முதலில் தேவையில்லை. ஒரு வாசிகசாலை மண்டபம், பத்துக் கதிரை, வாசிக்க ஒருவர், பழிக்காமல் கேட்க ஒன்பது பேர் போதும்.