சரணம்: ஒரு சொல், மூன்று பொருள்

கர்நாடக சங்கீதத்தில் சரணம் என்பது கீர்த்தனையின் ஓர் உறுப்பு. பல்லவி, அனுபல்லவி, பிறகு சரணம். பாதம் என்று பொருள்படும் வடசொல்லில் இருந்து வந்தது. கோயிலில் நாங்கள் சொல்லும் சரணம் வேறு சொல். அடைக்கலம் என்பது அதன் பொருள். தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

அடைக்கலம் என்ற பொருள் 2009 மே மாதத்தோடு எங்களுக்கு மாறிப்போனது. முள்ளிவாய்க்காலில் இருந்து வட்டுவாகலுக்கு வந்த பல குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளையும் கணவன்மாரையும் இராணுவத்திடம் கையளித்தன. செய்தி சேகரிக்கப் போகும்போது, "அவர் சரணடைஞ்சவர்" என்று அம்மாமார் அழுத்திச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன்.

அந்த அழுத்தத்துக்குக் காரணம் உண்டு. 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த அலுவலகத்தின் பெயரில் இருப்பது "காணாமற்போனோர்". 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கிய உறவுகள் சொல்வதோ "வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்". போனவர் தானாகவும் போயிருக்கலாம். ஆக்கப்பட்டவர் என்றால் ஆக்கியவர் ஒருவர் இருக்க வேண்டும். சரணடைந்தவர் என்றால் பொறுப்பெடுத்தவர் ஒருவர் இருக்க வேண்டும்.

பாட்டில் சரணம் முடிந்தால் மீண்டும் பல்லவிக்கு வருவார்கள். தேர்தல் மேடைகளிலும் "விசாரிப்போம்" என்ற அதே பல்லவிதான். ஆண்டுகள் போனாலும் அம்மாமாரின் கேள்வி ஒன்றுதான்: பாரம் எடுத்தவர்கள் எங்கே வைத்திருக்கிறார்கள்?

அதனால் என் செய்திகளில் நான் "காணாமற்போனோர்" என்று எழுதுவதில்லை.