புறாமாடமும் லயமும்

இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட்ஷயரில் வில்லிங்டன் என்றோர் ஊர். 16ஆம் நூற்றாண்டில் அங்கு கட்டப்பட்ட புறாமாடம் இன்றும் பேணப்படுகிறது. உட்சுவர்களில் ஏறத்தாழ 1,500 பொந்துகள். இத்தகைய மாடம் வைத்திருப்பது நெடுங்காலம் நிலப்பிரபுக்களின் தனியுரிமையாக இருந்தது. பிரபுவின் மேசைக்கு இறைச்சி, வயலுக்கு எரு. அதற்காகவே புறாக்களுக்கு இடம் கொடுத்தார்கள்.

நம் மலையகத்து லயங்களைப் புறாக்கூடு என வர்ணிப்பது பத்திரிகையாளரிடையே பழகிப்போன உவமை. நானும் அவ்வாறு எழுதியதுண்டு. அளவை மட்டும் கருதி எழுந்த உவமைதான். ஆயினும் அதன் பொருள் அளவோடு முடிவதில்லை.

1820களில் கம்பளைப் பகுதியில் கோப்பித் தோட்டம் தோன்றியது. 1867இல் கண்டிக்குத் தென்கிழக்கே லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளருக்கு வரிசையாக அறைகள் எழுந்தன. பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவில் ஒரு காம்பரா, முன்னால் சிறு திண்ணை. ஒரு குடும்பத்துக்கு அவ்வளவே. அதிகாலைப் பிரட்டுக்கு ஆள் எட்டும் தூரத்தில் இருக்கவேண்டும் என்பதே தோட்டத்தின் கணக்கு. வேலை போனால் கூரையும் போகும். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அம்மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியபோது, அந்தக் கூரையின் கீழ் அவர்களுக்கிருந்த பிடிமானம் மேலும் தளர்ந்தது.

கண்டி ஹந்தானையில் 1925இல் கட்டப்பட்ட தேயிலைத் தொழிற்சாலை, 2001இல் அருங்காட்சியகமாயிற்று. பழைய இயந்திரங்களும் டெய்லர் பயன்படுத்திய பொருள்களும் அங்கு காக்கப்படுகின்றன. நல்ல காரியமே. ஆனால் அந்த இயந்திரங்களுக்குக் கொழுந்து பறித்தவர்கள் எங்கே உறங்கினார்கள் என்ற கேள்விக்கு விடை தேடிக் கம்பளைப் பக்கம் போகவேண்டும். அங்கே 2007இல் பழைய தோட்ட லயம் ஒன்றே தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. கண்டியைத் தளமாகக் கொண்ட சமூக அபிவிருத்தி நிறுவகத்தின் முயற்சி அது.

வில்லிங்டன் மாடத்தில் புறா வளர்த்த காலம் முடிந்துவிட்டது, அது வரலாறு. லயத்தின் காலமோ முடியவில்லை. அண்மை ஆண்டுகளில் ஏழு பேர்ச் காணியில் தனிவீடுகள் எழுகின்றன. எனினும் பல்லாயிரம் குடும்பங்கள் இன்றும் காம்பராக்களிலேயே வாழ்கின்றன. லயங்கள் இடிக்கப்படவேண்டும்; அதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. ஒவ்வொரு பிரதேசத்திலும் ஒன்றையாவது விட்டுவைத்து, அதில் வாழ்ந்தோரின் பெயர்களைச் சுவரில் பொறிக்கவேண்டும் என்பதே என் வேண்டுகோள்.