கீழ்த்திசையின் பெயர் பூண்ட துறைமுகம்

பிரான்சு தேசத்தின் மேற்குக் கரையில், பிரித்தானிப் பகுதியில், லோரியான் என்றொரு துறைமுகப் பட்டினம் இருக்கின்றது. அச்சொல்லுக்குக் 'கீழ்த்திசை' என்று பொருள். மேற்கிலுள்ள ஊருக்குக் கிழக்கின் பெயர் வந்த விதம் தமிழராகிய நாம் அறியத்தக்கது. அவ்வூரின் செல்வத்திற்கு நம் முன்னோரின் தறியும் ஒரு காரணமாகும்.

1664-இல் பதினான்காம் லூயி மன்னரின் மந்திரி கோல்பேர் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியை நிறுவினார். இரண்டாண்டு கழித்து, இரு நதிகள் கூடும் இவ்விடத்தில் கப்பல் கட்ட அக்கம்பெனிக்கு நிலம் கிடைத்தது. இங்கே கட்டிய பெருங்கப்பல் ஒன்றுக்குக் 'கீழ்த்திசைச் சூரியன்' என்று பெயர். அப்பெயரே சுருங்கி ஊர்ப்பெயராயிற்று என்பர். கப்பலோ 1681-இல் சையாம் தூதுவர்களோடு கடலில் மறைந்துபோயிற்று.

அடுத்த நூற்றாண்டில் சோழமண்டலக் கரைத் துணிகள் புதுச்சேரியிலிருந்து பொதி பொதியாய் இங்கு வந்து ஏலம் போயின. இதில் ஒரு வேடிக்கை. தம் நாட்டுக் கம்பளி, பட்டு நெசவாளரைக் காக்க வேண்டி, அச்சிட்ட பருத்தித் துணியை 1686 முதல் 1759 வரை பிரெஞ்சு அரசு தடுத்து வைத்திருந்தது. சட்டத்தை ஏய்த்துச் சீமாட்டிகள் உடுத்திக்கொண்டது வேறு கதை!

பழைய வீதிகளை இன்று அங்கே தேடிப் பயனில்லை. ஜெர்மானியரின் நீர்மூழ்கிக் கப்பல் தளத்தைத் தகர்க்க 1943-இல் நேசநாட்டு விமானங்கள் குண்டு பொழிந்ததில் ஊர் ஏறக்குறைய முழுதும் அழிந்தது. தளம் மட்டும் தகரவில்லை. அதன் கான்கிரீட் இன்னும் நிற்கின்றது.

ஆகவே கம்பெனியின் சரித்திரத்தைக் காண, எதிர்க்கரையிலுள்ள போர் லூயிக் கோட்டைக்குப் படகேறிப் போனேன். அங்குள்ள பொருட்காட்சிச் சாலையில் இந்தியத் துணிகளின் முன்னே நெடுநேரம் நின்றேன். அழகுக்குக் குறைவில்லை. ஆயினும் என் நினைவு சென்றது வேறொரு துணியின்மேல். புதுச்சேரிப் பக்கத்து நீலத்துணி ஒன்றுக்குக் 'கினி' என்று பெயர். ஆப்பிரிக்கக் கரையின் பெயர் நம் துணிக்கு ஏன் வந்தது? அங்கே அது பணம்போல் செல்லுபடியாயிற்று. செனெகலில் அதைக் கொடுத்துக் கோந்து வாங்கினார்கள், மனிதரையும் வாங்கினார்கள். 1720 முதல் அடிமை வியாபாரத்தையும் இதே கம்பெனி மேற்கொண்டது. லோரியானிலிருந்தே அதற்குக் கப்பல்கள் புறப்பட்டன. கூலிக்கு நெய்து அவுரியில் தோய்த்த துணிக்கு ஈடாக ஒரு மனிதன் விலைபோனான் என்பதை நம் நெசவாளி அறிய வழி ஏது? ஆனால் எத்தனை பொதி, எத்தனை ஆள் என்று கணக்கெழுதியவன் அறிவான். தோட்டத்தில் செக்ரோல் எழுதும் கிராணியாகிய எனக்கு அவனை மறக்கக் கூடவில்லை.

1769-இல் கம்பெனியின் ஏகபோக உரிமை போயிற்று. 1848-இல் பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் அடிமை முறை ஒழிந்தது. நீலத்துணி அதற்குப் பின்னும் புதுச்சேரியிலிருந்து செனெகலுக்குப் போய்க்கொண்டிருந்தது, கோந்துக்காக.