டாம் மாமாவின் குடிசை: நூலிலிருந்து நாடக மேடைக்கு

இலக்கியப் படைப்பொன்று மேடையேறும்போது அதன் கருத்து எவ்வாறு காக்கப்படுகிறது, எவ்வாறு திரிக்கப்படுகிறது என்பதை அறிய, ஹேரியட் பீச்சர் ஸ்டோ அம்மையாரின் ‘டாம் மாமாவின் குடிசை’ தக்கதோர் எடுத்துக்காட்டாகும். திருப்பணிக்கெனப் பயிற்சி பெறுவோர் இவ்வரலாற்றைக் கருத்தூன்றிக் கற்பது நலம். ஏனெனில், இந்நூல் ஓர் இறையியல் கல்லூரியின் சூழலில் வாழ்ந்த பெண்மணியின் உள்ளத்தில் உருவானது.

நூலின் பிறப்பு

ஸ்டோ அம்மையாரின் தந்தை லைமன் பீச்சர், சின்சினாட்டி நகரின் லேன் இறையியல் கல்லூரித் தலைவராயிருந்தவர். கணவர் கால்வின் ஸ்டோ அங்கே திருமறைப் பேராசிரியர். ஒஹையோ ஆற்றுக்கு அக்கரையில் கெண்டக்கி மாநிலம். அங்கு அடிமை முறை நிலவியது. 1834ஆம் ஆண்டில் அக்கல்லூரி மாணவர்கள் அடிமை ஒழிப்பைப் பற்றி நடத்திய விவாதங்கள் நாட்டையே உலுக்கின. 1850ஆம் ஆண்டின் சட்டம், தப்பியோடிய அடிமைகளைப் பிடித்துக் கொடுக்கும் கடமையை வடமாநிலத்தார் மீதும் சுமத்தியது. இதனால் கொதித்தெழுந்த அம்மையார், 1851ஆம் ஆண்டு ஜூன் முதல் ஒரு வார இதழில் இக்கதையைத் தொடராக எழுதலானார். டாமின் மரணக் காட்சி திருவிருந்து ஆராதனையின்போது தம் மனக்கண்முன் தோன்றியதாக அவர் பின்னாளில் கூறியுள்ளார். 1852ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நூலாக வெளிவந்த இக்கதை, ஓராண்டுக்குள் அமெரிக்காவில் மட்டும் சுமார் 3,00,000 படிகள் விற்றது.

மறுப்பும் அதன் விளைவும்

புகழ்பெற்ற இசைக் குழுவொன்றைச் சேர்ந்த ஏசா ஹட்சின்சன் என்பவர் இக்கதையை நாடகமாக்க இசைவு கேட்டார். அம்மையார் இணங்கவில்லை. நல்ல நாடகத்தைக் காணப் பழகும் கிறிஸ்தவ இளைஞர், பின்னர்த் தீய நாடகங்களுக்கும் செல்வர் என்பது அவரது அச்சம். அக்கால அரங்குகளில் மது விற்பனை நடந்தது. மேலடுக்கு இருக்கைகளில் விலைமாதர் கூடினர். ஆகவே அவ்வச்சம் காரணமற்றதன்று.

ஆனால் நாவலை மேடையேற்றும் உரிமையை ஆசிரியர் தமக்கென ஒதுக்கிக்கொள்ள 1870ஆம் ஆண்டுச் சட்டமே வழி செய்தது. அதற்கு முன்னர் யார் வேண்டுமானாலும் நடிக்கலாம். ஆசிரியருக்கு ஒரு காசும் தரவேண்டியதில்லை. அம்மையாரின் மறுப்பு நாடகத்தைத் தடுக்கவில்லை. அதை உருவாக்கும் பொறுப்பை மட்டும் பிறர் கையில் விட்டுவிட்டது.

1852ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள், நியூயார்க் மாநிலத்தின் ட்ராய் நகரில் ஜார்ஜ் எய்க்கன் எழுதிய நாடகம் அரங்கேறியது. நிர்வாகி ஜார்ஜ் ஹோவர்டின் நான்கு வயது மகள் கார்டீலியா, ஏவாவாக நடித்தாள். அவள் தாயோ முகத்தில் கரி பூசி டாப்சியாக நடித்தார். சுமார் 30,000 மக்களே வாழ்ந்த அந்நகரில் நாடகம் நூறு முறை நடந்தது. 1853ஆம் ஆண்டு ஜூலையில் நியூயார்க் நகருக்குச் சென்று, 300 முறைக்குமேல் நிகழ்ந்தது. அங்கே நாடகசாலை உரிமையாளர் பர்டி, முகப்பில் திருமறை வசனங்களைத் தொங்கவிட்டார்; பெண்களுக்கும் சிறுவர்க்கும் பகற்காட்சி வைத்தார். அதுவரை நாடகசாலையை மிதித்திராத சமயப் பற்றுடையோர் குடும்பத்தோடு வந்து கண்ணீர் விட்டனர். எனினும் அதே அரங்கில் கறுப்பின மக்களுக்குத் தனி வாயிலும் தனி இருக்கைப் பகுதியுமே ஒதுக்கப்பட்டன. அடிமைக்காக மேடையை நோக்கி அழுத கண்கள், பக்கத்து வாயிலைக் காணவில்லை!

உருமாறிய டாம்

எய்க்கனின் நாடகம் பெரும்பாலும் நூலைப் பின்பற்றி, டாமின் மரணத்தை மறைக்காது காட்டியது. ஆனால் கான்வே என்பவரின் நாடகம் 1852இல் பாஸ்டனிலும், 1853இல் பார்னமின் நியூயார்க் அரங்கிலும் நடைபெற்றபோது, டாம் மீட்கப்பட்டு மகிழ்வோடு வாழ்வதாக முடிந்தது. சிலுவையை நீக்கிவிட்டு உயிர்த்தெழுதலை மட்டும் விற்கும் வாணிபம் இது. தென்மாநில ஆதரவாளரையும் புண்படுத்தாமல் கூட்டம் சேர்க்க அது உதவியது.

உள்நாட்டுப் போருக்குப் பின் ஊர் ஊராகச் சுற்றிய ‘டாம் நாடகக் குழுக்கள்’ பெருகின. எலைசா பனிக்கட்டி ஆற்றைக் கடக்கும் காட்சியில், நூலில் இல்லாத வேட்டை நாய்கள் புகுந்தன. சில குழுக்கள் இரண்டு டாம்களையும் இரண்டு டாப்சிகளையும் ஒரே மேடையில் நிறுத்தின. கறுப்பினத்தாரைக் கேலி செய்யும் ஆடல்பாடல்கள் சேர்ந்தன. நூலிலுள்ள டாம் அகன்ற மார்பும் வலிய உடலும் கொண்டவர், கைக்குழந்தையுடைய தந்தை. ஒளிந்திருக்கும் இரு பெண்களைக் காட்டிக்கொடுக்க மறுத்ததாலேயே அவர் அடித்துக் கொல்லப்படுகிறார். மேடையோ அவரை நரைத்துக் கூனிய, எதற்கும் தலையாட்டும் கிழவராக்கியது. 1878இல் சாம் லூகஸ் என்னும் கறுப்பின நடிகர் அவ்வேடமேற்கும் வரை, முக்கிய நாடகக் குழுக்களில் டாமாக நின்றவர்கள் கரி பூசிய வெள்ளையரே. ‘டாம் மாமா’ என்பது இன்று இனத்தைக் காட்டிக்கொடுப்பவனைக் குறிக்கும் வசைச்சொல்லாகிவிட்டது. காட்டிக்கொடுக்க மறுத்து மாண்டவரின் பெயருக்கு நேர்ந்த கதி இது. இதற்கு நாவலும் ஓரளவு பொறுப்பே. அதிலுள்ள இனக் கருத்துகளை ஜேம்ஸ் பால்டுவின் 1949ஆம் ஆண்டில் கடுமையாகக் கண்டித்தார். ஆனால் நூலைப் படித்தோரினும் நாடகத்தைக் கண்டோரே மிகுதி என்பதையும் நாம் மறக்கலாகாது.

நாம் கற்பது

அம்மையாரும் தம் எண்ணத்தைச் சற்று மாற்றிக்கொண்டார். 1855இல் அவரே கதையைச் சுருக்கி, ‘கிறிஸ்தவ அடிமை’ என்னும் பெயரில் மேரி வெப் என்ற கறுப்பினப் பெண்மணி பொதுமேடைகளில் தனியே வாசிப்பதற்கென அமைத்துத் தந்தார். பாஸ்டனிலும் இங்கிலாந்திலும் அவ்வாசிப்பு நடந்தது. கரி பூசிய முகங்களுக்கு நடுவே, அம்மக்களுள் ஒருவரின் சொந்தக் குரல் அப்போது ஒலித்தது. அது முதலிலேயே, இன்னும் பரவலாக நிகழ்ந்திருப்பின் டாமின் பெயர் இவ்வாறு கெட்டிராது என எண்ணத் தோன்றுகிறது.

தீட்டுக்கு அஞ்சி விலகி நின்றால் களம் தூய்மையடைவதில்லை. அது பிறர் வசமாகிறது. மேலும், பிறர் துன்பத்தை நாம் எடுத்துரைக்கும்போது, துன்புறுவோரே பேச இடமளித்தோமா என்பதையும், கண்ணீர் விட்ட நம் சபையார் எந்த வாயில் வழியே யாரை அனுமதிக்கின்றனர் என்பதையும் ஆராய்ந்து பார்ப்பது நம் கடமையாகும்.